வீதி எல்லோருக்கும் உரியது

“குடி குடியைக் கெடுக்கும்” என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் பழமொழி. முதலாவது ‘குடி’ மதுவையும் இரண்டாவது ‘குடி’ குடும்பத்தையும் குறிக்கும். ஆயினும் மது, அருந்துபவரின் குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை. அக்குடும்பத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வழிப்போக்கரையும் அது வருத்துகின்றது. இதனை எங்கள் நகரின் பஸ் நிலையப் பகுதியில் நான் நாள்தோறும் கண்டுவருகிறேன். ஆதலால் நகர மத்தியில் மது விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே எனது கருத்தாகும். எதற்காக, எந்த முறையில் என்பதையும் கூறுவது என் கடமை.

எங்களுடையது வட மாகாணத்திலுள்ள ஒரு சிறிய நகரம். பஸ் நிலையம், சந்தை, தனியார் கல்வி நிலையங்கள், மதுபானக் கடை ஆகிய யாவும் ஒரே வீதியில் அமைந்துள்ளன. அக்கடையில் இருந்து அருந்த இடமில்லை. போத்தலை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். வாங்கியவர் எங்கே செல்வார்? பக்கத்துப் பெட்டிக்கடையில் பிளாஸ்ரிக் குவளையும் சோடாவும் கச்சானும் கிடைக்கும். பூட்டிய கடைகளின் படிகளும் பஸ் நிலைய வாங்குகளும் குடிக்கும் இடங்களாகிவிடுகின்றன. மாலையானதும் பெண்கள் அந்த வாங்குகளில் அமர்வதில்லை. வீதியோரத்தில் நின்றபடியே பஸ்ஸுக்குக் காத்திருப்பர். மறுநாட் காலையில் வெற்றுப் போத்தல்களையும் உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் நகரசபைத் தொழிலாளர் கூட்டி அள்ளுவர்.

என்னுடன் படித்த மாணவி ஒருத்தி கணித பாடத்தில் எங்களுக்கெல்லாம் முன்னின்றவள். மாலை வகுப்பு முடிந்து பஸ் நிலையத்துக்கு வரும் வழியில், குடித்திருந்த ஒருவர் இருமுறை அவளைப் பின்தொடர்ந்து தகாத வார்த்தை பேசினார். அடுத்த வாரம் முதல் அவளை வகுப்புக்கு அனுப்பத் தாயார் மறுத்துவிட்டார். “படிப்பை வீட்டில இருந்தும் படிக்கலாம், மானத்தை எங்கை போய் வாங்கிறது?” என்று அவர் கேட்டார். தவறு செய்தவர் மறுநாளும் அதே படியில் அமர்ந்திருந்தார். தவறு செய்யாதவளோ வீட்டுக்குள் இருக்க நேர்ந்தது. இந்த அநீதிதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

எமது நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடை செய்கிறது. மதுபான விளம்பரங்களையும் அது தடுக்கிறது. மது விற்பதற்கு உத்தரவுப்பத்திரம் பெற வேண்டும். குறித்த நேரங்களில் மட்டுமே கடை திறக்கலாம். வெறியில் பொது இடத்தில் முறைகேடாக நடப்பதும் குற்றமே. ஆனால் போத்தல் விற்கப்பட்ட பின்னர் அது எங்கே திறக்கப்படுகிறது என்பதை எவரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரை நிறுத்தவும் இயலாது. ஆதலால் விற்கும் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவதே இலகுவான வழியாகும்.

இதற்குச் சான்று தேடி நாம் தூரம் செல்ல வேண்டியதில்லை. போயா தினங்களில் நாடெங்கும் மதுபானக் கடைகள் மூடப்படுகின்றன. அன்று மாலை எங்கள் பஸ் நிலையத்துக்குச் சென்று பாருங்கள். வயதானவர்களும் குழந்தைகளோடு வந்த தாய்மாரும் வாங்குகளில் அமர்ந்திருப்பர். அன்று ஊரில் எவருமே குடிக்கவில்லை என்று நான் கூறவில்லை. முதல்நாளே வாங்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள். எனினும் வீதி எல்லோருக்கும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. விற்பனைக் கட்டுப்பாட்டினால் குடிப்பழக்கம் முற்றாக ஒழியாது. ஆனால் பொது இடம் மீளும். நாம் இதனிடம் எதிர்பார்க்க வேண்டிய பயனும் அதுவே.

பிற நாடுகளின் அனுபவமும் இங்கு நோக்கத்தக்கது. சிங்கப்பூரின் ‘லிட்டில் இந்தியா’ பகுதியில் 2013 டிசம்பர் 8 ஆம் திகதி இந்தியத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அது பெருகுவதற்கு மதுவும் ஒரு காரணம் என விசாரணைக்குழு கூறியது. 2015 ஏப்ரல் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடை செய்தது. அந்நேரத்தில் கடைகளில் மது வாங்கிச் செல்லவும் முடியாது. லிட்டில் இந்தியாவில் வார இறுதி நாட்களுக்குக் கட்டுப்பாடு மேலும் கடுமையாக்கப்பட்டது.

ஆயினும் அச்சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்றுண்டு. அங்கே ஞாயிறுதோறும் கூடியவர்களிற் பலர் தென்னிந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சென்ற கூலித் தொழிலாளர். பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறைகளே அவர்களுக்கு வீடு. பணமுள்ளவர் குளிரூட்டிய மண்டபத்தில் அருந்தலாம். இல்லாதவருக்குப் புற்றரையே இடம். எனவே தடையின் சுமை ஏழைகள் மீதே அதிகம் விழுந்தது.

எங்கள் ஊரிலும் இவ்வாறே. சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர் எங்கள் அயலவர். “ஏனண்ணை றோட்டில நிண்டு குடிக்கிறியள்?” என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். “வீட்டை கொண்டு போனாப் பிள்ளையள் பாக்குங்கள் தம்பி. அதுதான் இஞ்சை முடிச்சிட்டுப் போறன்” என்றார். தன் பிள்ளைகள் காணக்கூடாது என்ற வெட்கம் அவரிடம் இருந்தது. ஆனால் ஊராரின் பிள்ளைகள் கண்டுகொண்டிருந்தார்கள். இத்தகையவரை அடித்து விரட்டுவதால் பயனில்லை. குடியை விட விரும்புவோருக்கு அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகள் உதவும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

“கடையைக் கட்டுப்படுத்தினால் கசிப்பு பெருகும்” என்பது சிலரது வாதம். இது புறக்கணிக்கக்கூடியதன்று. ஆனால் கடை திறந்திருப்பதால் மட்டும் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடுவதுமில்லை. தமிழ்நாட்டில் அரசின் மதுக்கடைகள் இயங்கிவந்த நிலையிலேயே, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் அருந்திய 60 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மலிவு விலை ஏழைகளை அதன்பால் இழுத்தது. ஆகவே கடைக்குக் கட்டுப்பாடு விதிக்கும்போதே கசிப்புக் காய்ச்சுவோர் மீதும் பொலிஸாரும் மதுவரித் திணைக்களமும் நடவடிக்கை எடுத்தல் அவசியம்.

எனவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, மதுபானக் கடை பஸ் நிலையத்தையும் கல்வி நிலையங்களையும் விட்டு விலகி அமைய வேண்டும். இரண்டாவது, மாணவரும் தொழிலாளரும் வீடு திரும்பும் மாலை வேளையில் அது மூடியிருக்க வேண்டும். மூன்றாவது, பஸ் நிலையச் சூழலுக்கு நல்ல வெளிச்சமும் மாலை நேரப் பொலிஸ் காவலும் வேண்டும். மதுவினால் அரசுக்கு வரி கிடைக்கிறது என்பது உண்மையே. கடை இடம் மாறுவதால் அவ்வரி அழிந்துவிடாது. ஆனால் வகுப்பை நிறுத்திய ஒரு மாணவியின் இழந்த ஆண்டை எந்த வரியும் ஈடு செய்யாது.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டு மக்கள் இவ்விடயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. 1912 இல் புதிய மதுவரிச் சட்டத்தால் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க முதலியோர் மதுவிலக்கு இயக்கத்தை முன்னெடுத்தனர் என வரலாற்றுப் பாடத்திற் படிக்கிறோம். பின்னர் ஊர் மக்கள் வாக்களித்துத் தவறணைகளை மூடும் முறையும் இருந்தது. இன்றும் எங்கள் நகரசபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் மக்கள் கையொப்பமிட்டு விண்ணப்பம் அனுப்பலாம். வாக்குரிமை பெற எமக்கு இன்னும் சில ஆண்டுகள் உண்டு. ஆனால் எழுதுவதற்கு வயதெல்லை இல்லை. அவ்விண்ணப்பத்தின் முதல் வரியை, அந்த வீதியால் நாள்தோறும் நடக்கும் மாணவர்களாகிய நாமே எழுதுவது பொருத்தமாகும்.