மதிப்பிற்கு ஒரு விலை

நேரம் காட்டுவதே கடிகாரத்தின் கடமை என்றால், உலகின் விலையுயர்ந்த கடிகாரங்கள் பல அக்கடமையில் பின்தங்கியவையே. பல இலட்சம் ரூபாய் பெறும் சுவிஸ் பொறிக் கடிகாரம் நாளொன்றுக்குச் சில விநாடிகள் பிந்தவோ முந்தவோ செய்யும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்கும் ஏறக்குறைய 15 விநாடிகளே பிசகும். இருந்தும் முன்னதை வாங்குவோர் இருக்கவே செய்கின்றனர். ஏன்?

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் இவ்வகைக் கடிகாரங்களின் விலை சரியச் சரிய, சுவிஸ் கடிகாரத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வேலையிழந்தனர். துல்லியத்தில் தோற்ற அத்தொழில் எவ்வாறு மீண்டது? 1983இல் வந்த மலிவான ‘சுவாட்ச்’ ஒருபுறம் கைகொடுத்தது. மறுபுறம், நேரத்தைக் காட்டிய பொறிக் கடிகாரம், அணிபவரின் நிலையைக் காட்டும் அணிகலனாயிற்று.

ஊரறியச் செலவழிக்க முடிவதே செல்வத்தின் சான்றாகிறது என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899இலேயே விளக்கினார். அத்தகைய பொருளுக்கு விலை தடையன்று, விலையே சரக்கு. இங்கிலாந்தின் பர்பரி நிறுவனம் ஓராண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருள்களை அழித்தது 2018இல் தெரியவந்தது. கண்டனம் எழுந்தபின் அவ்வழக்கத்தை நிறுத்துவதாக அது அறிவித்தது. மலிவாக விற்றால் பெயரின் மதிப்புக் குறையும் என்பதே இத்தகைய அழிப்பின் கணக்கு.

ஆயினும் வாங்குவோரை மூடரென ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. என் தந்தை அணிந்திருந்த எச்.எம்.டி. கடிகாரத்துக்கு நான் நாள்தோறும் சாவி கொடுக்கிறேன். அதுவும் பிந்தியே ஓடுகிறது; எனினும் எவ்விலைக்கும் அதைத் தரமாட்டேன். பொருளில் பயனை மட்டுமே தேடுவோர் எவருமிலர். கைவினையின் நுட்பத்தை நேசித்து வாங்குவோரும் உளர். ஆனால் என் கடிகாரத்தின் மதிப்புக்குப் பிறர் கண் தேவையில்லை. பகட்டுக்கு வாங்கும் பொருளுக்கோ பிறர் கண்ணே உயிர்.

அந்தக் கண் யாருடையது? நம்முடையதன்றோ! ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று சொல்லிக்கொண்டே, திருமண வீட்டில் வருபவரின் மணிக்கட்டைப் பார்த்து நாற்காலி இடுகிறோம். மதிப்புக்கு ஏங்கும் இளைஞன் இதைக் கண்டுகொள்கிறான். வருவாய்க்கு மீறித் தவணையிலேனும் அப்பொருளை வாங்கிவிடுகிறான். விலையை எழுதுபவர் வணிகர். அதைக் கொடுக்க வைப்பது நம் பார்வை. வெறுங்கையுடன் வருபவருக்கும் முன்வரிசையில் இடம் தரும் வீட்டில், அந்த விலைச் சீட்டுக்கு வேலையில்லை.