தாத்தா பார்த்த பறக்கும் தட்டு

ஆடிட்டிங் படிக்க வேண்டிய நேரத்துல இதை எழுதிட்டு இருக்கேன், எங்க வீட்ல போட்டுக் கொடுத்துடாதீங்க :)

2025 ஜனவரி, பொங்கல் முடிஞ்ச வாரம். சென்னீர்குப்பத்துல எங்க வீட்டு மொட்டை மாடிக்குப் போன தாத்தா இறங்கி வந்து, "திருமழிசை பக்கம் ஒரு வெளிச்சம் நிக்குதுடா. சக்கரம் மாதிரி ஆரம் ஆரமா இருக்கு. ப்ளேன் இல்ல, நகரவே மாட்டேங்குது"ன்னார். மறுநாளும் அதே. மூணாம் நாள் அப்பா அம்மாகிட்ட, "வயசாச்சு இல்ல, எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடலாம்"னு மெதுவா சொன்னது என் காதுல விழுந்துச்சு. தாத்தா காதுலயும் விழுந்திருக்கணும். அதுக்கப்புறம் அவர் அதைப் பத்தி வாயே திறக்கல.

நான் பண்ணது அதைவிட மோசம். மொபைல்ல எடுத்த படத்துல அந்த வெளிச்சம் போக, பச்சையா இன்னொரு புள்ளியும் விழுந்திருந்துச்சு. "எங்க தாத்தாவோட ஏலியன் ஃப்ரெண்ட்"னு எழுதி க்ளாஸ் குரூப்ல போட்டேன். ரெண்டு நாள் ஓட்டித் தள்ளிட்டாங்க.

அதுல ஒருத்தி மட்டும், "நிஜமாவே புகார் கொடுத்தா கவர்ன்மென்ட்ல எப்படி விசாரிப்பாங்க?"ன்னு கேட்டா. தேடிப் படிச்சேன். அமெரிக்க விமானப்படை ப்ளூ புக்னு ஒரு திட்டத்தை 1952ல இருந்து 1969 வரை நடத்தியிருக்கு. அவங்க கணக்குல வந்தது 12,618 புகார், கடைசி வரை விடை கிடைக்காதது 701. நம்ம முகப்பேர்லயே 2013ல ஒரு ராத்திரி அஞ்சு ஆரஞ்சு வெளிச்சம் வடக்கே போச்சுன்னு சிலர் சொல்லியிருக்காங்க.

ஆனா என்னை உட்கார வெச்சது லடாக் கதைதான். 2012 ஆகஸ்ட்ல இருந்து 2013 பிப்ரவரி வரைக்கும், எல்லைல ஒரு ஏரிக்கு மேல வெளிச்சம் வர்றதை நம்ம ராணுவம் 329 தடவை குறிச்சு வெச்சிருக்கு. அதுல 155 தடவை எல்லை தாண்டி வந்துச்சாம். சீன ட்ரோன்னு சந்தேகம். பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்துல இருந்து ரெண்டு விஞ்ஞானிங்களைக் கூப்பிட்டாங்க. அவங்க பார்த்தது ஒண்ணே ஒண்ணு: அந்த வெளிச்சம் நட்சத்திரங்களை ஒட்டி எப்படி நகருதுன்னு. வானத்துல இருக்கிற பொருள்னா நட்சத்திரங்களோட சேர்ந்தே நகரும், ட்ரோன்னா அதுபாட்டுக்குப் போகும். கடைசில ஒண்ணு வெள்ளி, இன்னொண்ணு வியாழன்!

படிச்சு சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க 329 தடவை பார்த்தா அது பதிவேடு. எங்க தாத்தா மூணு தடவை பார்த்தா மூளைக் கோளாறா?

ஆடிட்டிங்ல வவுச்சிங்னு ஒண்ணு உண்டு. கணக்குல எழுதியிருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் இருக்கான்னு பார்க்கிறது. ஆறு நாள் சாயங்காலம் 7 மணிக்கு மாடில ஒரே இடத்துல நின்னு, பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க்கை அடையாளமா வெச்சு நோட்டுல வரைஞ்சேன். தினமும் கிட்டத்தட்ட அதே இடம். பக்கத்து நட்சத்திரங்களோட சேர்ந்து இறங்கி, 9 மணி வாக்குல மறைஞ்சுடும். வெள்ளிதான். பச்சைப் புள்ளி? படத்துல கீழ இடது மூலைல தெருவிளக்கு. அதுக்கு நேர் எதிரா, நடு மையத்துல இருந்து அதே தூரத்துல புள்ளி. லென்ஸுக்குள்ள நடந்த பிரதிபலிப்பு, அவ்ளோதான்.

சரி, சக்கரம், ஆரம்? எனக்குத் தெரியலையே, தாத்தாவுக்கு மட்டும் எப்படி? "தெருவிளக்கும் அப்படித்தான் தெரியுதா தாத்தா?"ன்னு கேட்டேன். "ஆமா, ரொம்ப நாளா"ன்னார்! நாங்க யாரும் அதைக் கேட்டதே இல்ல. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு கண்லயும் புரை. புரை முத்தினா வெளிச்சத்தைச் சுத்தி இப்படி கதிரும் வளையமும் தெரியும்னு டாக்டர் சொன்னார். அப்பா ஒண்ணும் பேசல, ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் வேளாவேளைக்கு சொட்டு மருந்து போட்டுவிட்டது அவர்தான்.

குரூப்ல விளக்கம் எழுதிப் போட்டேன். மூணு பேர் பார்த்தாங்க.

மார்ச் முதல் வாரம் தாத்தாவை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார். "இவ்ளோ சின்னதாடா?"ன்னு கேட்டுட்டு இறங்கிட்டார். குரூப்ல நான் போட்ட படம் அவருக்கு இன்னும் தெரியாது.