மறுகரையில் நின்ற தாய்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், மாணிக்க விநாயகர் சந்நிதியின் அருகே, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அமர்ந்திருந்தாள். மேலே தாயுமானவரைத் தரிசிக்கும் ஆவல் அவளுக்கு மிகுதி. படியேற வேண்டாமென்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே, அவளுக்கும் சேர்த்துக் கணவனே படியேறினான். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்வது அத்தலத்து வழக்கம். அதை முடித்து, திருநீற்றைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு அவன் இறங்கி வந்தபோது, அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அவளுடைய தாய் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கணவனின் அன்னையோ அவனது இளமையிலேயே காலமானவர். தலைப்பிள்ளையைப் பெறப்போகும் வீட்டில், குழந்தையை எப்படித் தூக்குவது என்று காட்டித்தரக்கூட ஒருவருமில்லை.

தாயுமானவர் வரலாற்றை அறியாத பக்தர் இரார். இரத்தினாவதிக்குப் பேறுகால வேதனை தொடங்கியது. அவளிடம் வந்துகொண்டிருந்த தாயோ, காவிரி வெள்ளத்தால் மறுகரையிலேயே நின்றுவிட்டாள். ஈசனே அத்தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தருளினார். பலரும் கதையை இவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். வெள்ளம் ஒரே நாளில் வடிந்துவிடவில்லை. உண்மைத் தாய் வந்து சேரும்வரை பச்சிளங்குழந்தையைக் கவனித்ததும், பெற்றவளுக்குப் பத்தியம் பார்த்ததும் அந்த ஈசனே அல்லவா? பிள்ளை பிறந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகளையும் அவர் பிறரிடம் விடவில்லை.

படியிறங்கி வரும்போது கணவனின் நெஞ்சில் நின்றது இப்பகுதிதான். “கற்றுக்கொள்கிறேன்” என்று மட்டும் மனைவியிடம் சொன்னான்.

மாதந்தோறும் பரிசோதனைக்குச் செல்லுமிடத்தில் இருந்த மூத்த செவிலியரே அவனுக்கு ஆசானானார். குழந்தையைத் தொடுமுன் முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கழுத்து நிற்காத சிசுவின் தலையைக் கையால் தாங்கியே தூக்க வேண்டும். பிறந்த முதல் நாள் நீராட்டக் கூடாது. கொப்பூழில் மஞ்சளோ எண்ணெயோ சாம்பலோ தடவாமல் உலர விட்டால், ஓரிரு வாரத்தில் தானே விழுந்துவிடும். மல்லாந்த நிலையிலேயே உறங்க வைக்க வேண்டும். பகலிரவு சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். பாலருந்த மறுத்தாலோ, உடல் சுட்டாலோ, சில்லிட்டாலோ, மூச்சு திணறினாலோ, மஞ்சள் நிறம் உள்ளங்கைவரை பரவினாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். யாவற்றையும் அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

எழுதினால் மட்டும் கை பழகிவிடுமா? காந்தி மார்க்கெட்டில் மூன்று கிலோ எடையுள்ள பரங்கிக்காய் ஒன்றை வாங்கி வந்து, துண்டில் சுற்றித் தூக்கிப் பழகினான். பல நாட்களுக்குப் பின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். வாரக்கடைசியில் அக்காய் குழம்பில் சேர்ந்தது. அவனோ ஒரு துண்டும் தொடவில்லை!

பிறக்குமுன் குழந்தைக்குப் புத்தாடை வாங்கலாகாது என்பது பெரியோர் வழக்கு. அவள் அலமாரியைத் திறந்து, தாயின் நூல் புடவைகள் இரண்டை எடுத்தாள். ஆண்டுக்கணக்கில் துவைத்துத் துவைத்து மல்லிகையிதழ் போல் மென்மையான புடவைகள். மூன்றாண்டுகளாக அவற்றை மடித்து முகர்ந்து பார்ப்பாளே தவிர, பிரித்ததில்லை. கத்தரிக்கோலை வைக்க மனம் வராமல் நெடுநேரம் இருந்தாள். பிறகு அவளே கிழித்தாள். அவன் அத்துணிகளை வெந்நீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தினான்.

ஒன்பதாம் மாதம், அவள் தாயின் தமக்கை லால்குடியிலிருந்து வந்தார். அன்பு மிக்கவர், மூட்டுவலியால் பத்து நாட்களுக்குமேல் தங்க இயலாதவர். வந்தவுடன் கேட்டார்: “சேனை வைப்பது யார்?” பிறந்த சிசுவின் நாவில் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணமே குழந்தைக்கு வரும் என்பது அவரது திடமான நம்பிக்கை.

கணவன் தயங்கினான். “தாய்ப்பாலைத் தவிர ஆறு மாதம்வரை ஒரு துளித் தண்ணீரும் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள், அத்தை. தேன் வைத்தால் ஓராண்டுவரை ஆபத்தாம்.”

“என் தங்கை இருந்திருந்தால் அவள் கை வைத்திருக்கும். அவள் இல்லையென்றுதானே நான் கேட்கிறேன்? அவள் குணம் இந்தப் பிள்ளைக்கு வர வேண்டாமா?”

இதற்கு அவனிடம் விடையில்லை. அவளுக்கோ பெரியம்மாவின் ஆசையே தன் ஆசையாகவும் இருந்தது. பாலுக்குமுன் கொடுக்கும் எதுவும் குழந்தையின் வயிற்றுக்குக் கிருமியைக் கொண்டு சேர்க்கலாம் என்பதையும் அவள் அறிவாள். ஆசை ஒருபுறமும் அச்சம் மறுபுறமுமாக அன்றிரவு அவள் உறங்கவில்லை. மறுநாள், “வேண்டாம், பெரியம்மா” என்றாள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாட்கள் வீட்டில் பேச்சு குறைந்திருந்தது.

மூன்றாம் நாள் பின்னிரவில் பெண்மகவு பிறந்தது. துணைக்கு ஒருவர் வரலாமென்று செவிலியர் அழைத்தபோது, உள்ளிருந்து அவள் கேட்டது பெரியம்மாவைத்தான். முதியவர் எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதில் கற்கண்டு இருந்தது! அதைக் கணவனின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினார். பின்னர், எவரும் சொல்லாமலே குழாயடிக்குச் சென்று முழங்கைவரை கைகழுவிக்கொண்டார்.

தங்கையின் புடவைத் துணியில் பொதிந்த சிசுவின் தலையைத் தாங்கி, தாயின் மார்பில் சேர்த்தவர் அவரே. பிறந்து ஒரு மணி நேரத்திற்குள், மஞ்சள் நிறச் சீம்பாலின் முதல் துளி குழந்தையின் நாவைத் தொட்டது. “இதுவே சேனை” என்றார் பெரியவர், யாரையும் பாராமல்.

பத்து நாட்களில் அவர் ஊர் திரும்பினார். அதன் பின் உறையூர் வீட்டில் இரவுகள் கணவனுடையவை ஆயின. பாலருந்திய மகளைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்வான். அவள் சிணுங்கினால் வெற்று மார்பின்மேல் கிடத்திப் போர்த்திக்கொள்வான். சுவாமி படத்தின் முன் கற்கண்டு அப்படியே இருந்தது. மணி மூன்று. நனைந்த துணியை அகற்றி, மாங்காய்க் கரை தெரியும் உலர்ந்த துணியொன்றை எடுத்து விரித்தான். குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டு, மனைவி எழாதபடி விளக்கைத் தணித்தான்.