உம்மாவின் கொத்தலஹிம்புட்டு கோப்பை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் சுபஹுக்கு உம்மா எழும்பவில்லை. போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. மீட்டரில் பார்த்தேன்: 46. அவசரமாகச் சீனி கரைத்துப் பருக்கினேன். கால் மணித்தியாலம் கழித்தும் 52தான். 1990க்கு கோல் எடுத்தோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் தெளிந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

டொக்டர் கேட்டார், "குளிசை தவிர வேற என்ன எடுக்கிறாங்க?"

"ஒண்டும் இல்ல டொக்டர்" என்றார் உம்மா.

நான்தான் சொன்னேன், "கொத்தலஹிம்புட்டு தண்ணி." அந்த மரக் கோப்பையை கெபோஸ் லேனில் வாங்கிக் கொடுத்ததே நான். இரவு தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடிப்பார். முதல் நாள் இரவு பசியில்லை என்று சாப்பிடாமல் குளிசையை மட்டும் போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏன் மறைத்தீங்க என்று கேட்டேன். "அது மருந்தில்ல தானே மகள், மரத்துத் தண்ணி" என்றார்.

அங்கேதான் நாங்கள் எல்லோரும் பிழை விடுகிறோம். அது மருந்துதான், நன்றாக வேலை செய்கிற மருந்து. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கொடி அது. அதிலிருந்து சலசினோல் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் பிரித்தெடுத்தார்கள். இங்கே சீனி வருத்தக்காரர் 51 பேருக்கு அந்தத் தேநீரைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. அதைக் குடித்த மூன்று மாதத்தில் அவர்களது சராசரிச் சீனி அளவு இறங்கியது.

எப்படி வேலை செய்கிறது? சிறுகுடலில் மாப்பொருளையும் சீனியையும் உடைக்கும் நொதியங்களை அது தடுக்கிறது. உடைந்தால்தானே இரத்தத்துக்குப் போகும். வகுப்பில் நொதியம் படிப்பிக்கிற எனக்கு, சொந்த வீட்டுக் குசினியில் அது நினைவுக்கு வரவில்லை.

க்ளிக்லசைட் போன்ற குளிசைகள் உடம்பில் இன்சுலினைச் சுரக்கவைக்கும். ஒரு பக்கம் இன்சுலின் கூட, மறு பக்கம் உணவிலிருந்து வரும் சீனி குறைய. அதோடு பட்டினியும் சேர்ந்தால் உம்மாவுக்கு நடந்ததுதான் நடக்கும். இன்னொன்று, நாம் கரைத்துக் கொடுக்கும் சாதாரணச் சீனியும் அந்த நொதியங்களால் உடைய வேண்டியதுதான். அதனால் ஏறுவதற்குத் தாமதமாகலாம். குளுக்கோஸ் தூளுக்கு அந்தத் தடை இல்லை.

ஆகவே என் சின்ன வேண்டுகோள்கள்:

1. கொத்தலஹிம்புட்டு குடிப்பதென்றால் க்ளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள். குளிசையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

2. வீட்டில் குளுக்கோஸ் தூள் ஒரு பெட்டி வையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், 1990க்கு எடுங்கள்.

3. கர்ப்பிணிகள் தொட வேண்டாம். கர்ப்பமான எலிகளில் செய்த ஆய்வில் கருக்கள் இழக்கப்பட்டதைக் கண்டிருக்கிறார்கள்.

4. நோன்பு காலத்தில் இன்னும் கவனம். சஹருக்கு அதைக் குடித்துவிட்டு நாள் முழுக்கப் பசித்திருப்பது விளையாட்டல்ல.

5. நாட்டு மருந்தில் நம்பிக்கை இருந்தால் பொரளை ஆயுர்வேத வைத்தியசாலை பக்கத்தில்தானே இருக்கிறது. பதிவு செய்த வைத்தியரிடம் போய், போடும் குளிசைகளையும் காட்டிக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு அளவு பார்க்க வேண்டாம்.

கோப்பை இப்போது அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அடுத்த க்ளினிக்குக்கு அதையும் பையில் போட்டுக் கொண்டுபோவதாக உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "டொக்டர் ஏசுவார்" என்கிறார். ஏசட்டும்.

இன்றைக்கு உங்கள் உம்மா வாப்பாவிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், குளிசையோடு வேறு என்ன குடிக்கிறார்கள் என்று. ஏசாமல் கேளுங்கள். ஏசினால் சொல்ல மாட்டார்கள்.

உம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.