திரையின் வாசனை

பரங்கிப்பேட்டையில் அந்தப் பட்டறையைத் தேடி அலையவில்லை. அலுமினியம் அறுக்கும் சத்தம் தெருமுனைக்கே வந்து கூட்டிப்போனது. கதவு, ஜன்னல், கடைக்கு ஷோகேஸ் என்று செய்துகொண்டிருந்தவர்கள், சில வருஷமாக மருந்துக் கம்பெனிகளுக்குக் கழற்றி மாட்டும் சுத்த அறையும் செய்கிறார்கள். முதலாளியை ஊரே பாய் என்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மறுநாள் கடலூர் சிப்காட்டுக்குப் போகவேண்டிய அறை ஒன்று நடுவில் நின்றது. பத்தடிக்கு எட்டடி. நாலு கால், அடியில் சக்கரம், தலைக்கு மேல் காற்றாடியும் ஹெப்பா ஃபில்டரும் அடங்கிய பெட்டிகள், சுற்றிலும் கண்ணாடிபோல பி.வி.சி. திரை. ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். வெள்ளாற்று முகத்துவார உப்புக்காற்றில் சாதா இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

சூட்சுமம் சின்னது. காற்றை மேலே இழுத்து, வடிகட்டி, கீழே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே அழுத்தம் ஒரு இழை கூடுதலாக இருப்பதால் திரையின் அடியிடுக்கு வழியே காற்று வெளியேதான் போகும். தூசு எதிர்த்து நுழைய முடியாது. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை ஹெப்பா பிடித்துவிடும். ஆனால் ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை சந்து இருந்தால் போச்சு.

அன்று இருந்தது. துகள் எண்ணும் கருவியை ஒவ்வொரு மூலையாகக் காட்டிக்கொண்டே வந்தார்கள். கிழக்கு மூலையில் எண்கள் எகிறின. கேஸ்கெட்டைச் சாய்வாக வெட்டி ஒட்டியிருந்த பையன் சிலிகான் துப்பாக்கியை எடுத்தான்.

“பூசி மறைக்காதடா” என்று பாய் ஏணியில் ஏறினார். அவன் கையையும் பிடித்து மேலே இழுத்து, சுண்டுவிரலை அந்த மூட்டில் வைத்தார். “நகம் உள்ள போவுது பாரு. பிரிச்சுட்டு வேற போடு.”

அந்த ஒரு மூட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கி, ஊதுபத்தி கொளுத்தி, திரைக்கு வெளியே அடிவிளிம்பு நெடுக நகர்த்தினான் பையன். புகை எல்லா இடத்திலும் வெளிப்பக்கமே சாய்ந்தது. பாய் டீ சொன்னார்.

அப்போதுதான் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நிலவிலிருந்து மண் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. அப்படி வரும் மண்ணைத் திறக்கவும் இதுபோல ஒரு அறை வேண்டும். அமெரிக்காவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பர் 24 அன்று பென்னு சிறுகோளின் துகள்களை யூட்டா பாலைவனத்தில் இறக்கியபோது, பக்கத்திலேயே தற்காலிகச் சுத்த அறை ஒன்று தயாராக இருந்தது. ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த பெட்டகத்தை அங்கே ஓரளவு பிரித்து, உள்ளே நைட்ரஜன் ஓடவிட்டு, மறுநாள் ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். கிடைத்த மொத்தச் சரக்கு 121.6 கிராம்.

“நூத்தி இருபது கிராமுக்கா?” பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய் சிரிக்கவில்லை. “அவங்களுக்கு என்னா கேஸ்கெட்?”

சரியான கேள்வி. துகள்களைக் கையாளும் பெட்டிகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், டெஃப்லான் என்று விரல்விட்டு எண்ணும் பொருள்களுக்குத்தான் அனுமதி. அங்கே தூசு மட்டும் எதிரி இல்லை. கரிமச் சேர்மங்களைத் தேடுகிறவர்களுக்கு சிலிகான் பசையிலிருந்து கசியும் ஆவியும், புதுத் திரையின் பிளாஸ்டிக் வாசனையும்கூட அழுக்கு. ஊதுபத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் மனிதக் கை பட்டால் சிக்கல்தான்: ஜப்பானின் ஹயபுசா-2 கொண்டுவந்த ரியுகு சிறுகோள் துகள் ஒன்றில், இங்கிலாந்து ஆய்வகத்துக்குப் போனபின் பூமியின் நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகியதை 2024-இல் கண்டார்கள். இப்படி ஏதும் நேரலாம் என்றுதான் யூட்டாவில் பெட்டகம் இறங்கிய இடத்து மண்ணையும் காற்றையும் சேகரித்துவைத்தார்கள். பின்னால் ஏதாவது புதிதாகத் தென்பட்டால், இது விண்ணிலிருந்து வந்ததா, நாம் ஒட்டவைத்ததா என்று ஒப்பிட வேண்டுமே.

“அப்ப நாங்க செஞ்சதுக்கு வாடைகூட இருக்கக் கூடாது” என்றார் பாய், டம்ளரைக் கீழே வைத்தபடி.

சாயங்காலம் பிரிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் மார்க்கரால் எண். கால்கள் முதலில் டாடா ஏஸில் ஏறின, பெட்டிகள் பிறகு; திரைச் சுருள் கடைசி. அதைத் தோளில் தூக்கிய பையன் வாசலில் நின்று, மூக்கை அதில் வைத்து இழுத்துப் பார்த்தான்.

“ஆமா பாய், அடிக்குது.”