பத்தால் வகுத்துப் பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சில வாரங்களுக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். சின்னசேலத்தில் இருக்கும் என் தம்பி மகன், கரண்ட் அடிக்கடி போகிறது, வீட்டுக்கு எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம் என்றான். நாத்தனார் மகள் தோழிகளோடு கல்வராயன் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாளாம், காரில் மாட்டுகிற சின்ன இன்வெர்ட்டர் போதுமா என்றாள். மூன்றாவது ஆள் என் பழைய மாணவன். அவன் கேட்டது அவன் அம்மாவின் மூச்சு சம்பந்தப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் என்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி பட்டயம் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் இந்த விஷயத்துக்குத் தேவைப்படுவது நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்குதான். அதனால் துணிந்து எழுதுகிறேன்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் நேர் மின்சாரம். நம் வீட்டு ஃபேனும் லைட்டும் கேட்பது 230 வோல்ட் மாறு மின்சாரம். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுப்பதுதான் இன்வெர்ட்டரின் வேலை. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பேட்டரியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கம்பியில் வரும் கரண்ட் ஊற்றுக் கிணறு மாதிரி. பேட்டரி, தூக்கி வந்து வைத்த குடம் மாதிரி.

பெட்டியின் மேல் 500 வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது குடத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதைத்தான் சொல்கிறது. குடத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது பேட்டரியின் மேல் போட்டிருக்கும் ஆம்பியர் ஹவர், கடைக்காரர்கள் ஏ.எச். என்பார்கள். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இப்போது கணக்கு. 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியாக ஒரு சாமானை ஓட்டினால், அதன் வாட்ஸைப் பத்தால் வகுங்கள். அத்தனை ஆம்பியர் பேட்டரியிலிருந்து போகிறது. பன்னிரண்டால்தானே வகுக்க வேண்டும் என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பீர்கள். மாற்றும்போது கொஞ்சம் சூடாகி வீணாகிறது. அந்தச் சேதாரத்தையும் சேர்த்துப் பத்து. மனக்கணக்குக்கும் சுலபம்.

அடுத்து, பேட்டரியின் ஏ.எச்.-ல் பாதியை மட்டும் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆம்பியரால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். பேட்டரி பழசாக இருந்தால் இதைவிடக் குறையும்.

ஏன் பாதி? 1986-ல் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. ஜாகீர்தார்கள் கையில் இருந்த அந்த மலை முழுமையாக அரசாங்கத்தின் கீழ் வந்ததே 1976-ல்தான். நான் போனபோது எங்கள் பள்ளிக்கூடம் இருந்த ஊரில் கரண்ட் கிடையாது. அரிக்கேன் விளக்கில்தான் நோட்டுத் திருத்துவேன். அங்கே தினையும் சாமையும் விளையும். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைக்கு எடுத்து வைத்த தானியத்தில் அந்தச் சனங்கள் கை வைக்க மாட்டார்கள். அதை உலையில் போட்டுவிட்டால் அடுத்த வருஷம் நிலத்தில் போட ஒன்றுமில்லை. பேட்டரியிலும் பாதி விதைத் தானியம். ஈய பேட்டரியை ஒட்ட ஒட்ட இறக்கினால் அதன் ஆயுசு குறையும். கார் பேட்டரி என்றால் இன்னும் மோசம், வண்டியே ஸ்டார்ட் ஆகாது. மலைமேல் நடுராத்திரியில் வண்டி கிளம்பவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

இனி ஒவ்வொருவர் கேள்விக்கும் வருகிறேன்.

தம்பி மகனுக்கு: எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கியது 2012-ல். அந்த வருஷத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நாம் விழுப்புரம் மாவட்டம். சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான் மின்வெட்டு என்றால் நமக்கு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். பொதுத்தேர்வுப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி வாங்கினோம். பழைய ஃபேன் இரண்டு, ஒன்றுக்கு 75 வாட்ஸ். 40 வாட்ஸ் டியூப் லைட் மூன்று. மொத்தம் 270. பத்தால் வகுத்தால் 27 ஆம்பியர். கையிருப்பு 75. மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

இன்றைக்கு பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ்தான். எல்.இ.டி. பல்பு 9 வாட்ஸ். ஒரு ஃபேனும் இரண்டு பல்பும் சேர்த்து 48, அதாவது ஏறத்தாழ 5 ஆம்பியர். அதே பேட்டரி 15 மணி நேரம் வரும். ஆகவே தம்பி, பெரிய பேட்டரிக்குக் காசு சேர்ப்பதற்கு முன்னால் ஃபேனை மாற்று. மாதாமாதம் டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பார். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பூஜை அறைப் பக்கம் வைக்காதே, அங்கே எப்போதும் விளக்கு எரியும்.

நாத்தனார் மகளுக்கு: கார் டேஷ்போர்டில் சிகரெட் லைட்டர் துளை இருக்கிறதே, அதன் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். நம் கணக்குப்படி 100 முதல் 150 வாட்ஸ்தான் அதில் எடுக்க முடியும். செல்போன், லேப்டாப், ஒரு சின்ன லைட்டுக்குப் போதும். நீ சொன்ன எலெக்ட்ரிக் கெட்டில் 1500 வாட்ஸ். 150 ஆம்பியர் கேட்கும். ஃப்யூஸ் போய்விடும். காபி வேண்டுமென்றால் ஃப்ளாஸ்கில் கொண்டு போங்கள், கண்ணு. செல்போனைக் காரின் யு.எஸ்.பி.யிலேயே சார்ஜ் போடுங்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, மறுபடி சார்ஜர் அதை 5 ஆக்கி, இரண்டு தடவை சேதாரம் எதற்கு?

இன்னொன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கூடாரம் போடக் கூடாது. ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மலைக்கு ராத்திரி இருட்டும் அமைதியும் அதன் சொத்து.

லாரி, பஸ் வைத்திருக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வண்டி பெரும்பாலும் 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் இன்வெர்ட்டரை அதில் மாட்டினால் அது கெட்டுவிடும். பார்த்து வாங்குங்கள்.

இப்போது புயல் கதை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்தும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி எல்லாம் மிதந்தன. எங்கள் தெருவில் இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் முதல் ராத்திரியிலேயே தன் பங்கை முடித்துக்கொண்டது. என் மாமியாருக்கு 84 வயது, ஆஸ்துமா. நெபுலைசர் வைத்தாக வேண்டும்.

எங்களிடம் ஒரு பழைய சின்ன கார். அதன் பேட்டரி 35 ஏ.எச். அதற்கென்று 300 வாட்ஸ் இன்வெர்ட்டர் ஒன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம். மருத்துவக் கருவி ஓட்டுவதற்கு என்பதால் பியூர் சைன் வேவ் வகை. விலை மலிவான வகையில் வரும் கரண்டில் சில மோட்டார்கள் உறுமும், சூடாகும். லைட்டர் துளையில் மாட்டாமல் நேராக பேட்டரி முனையில் கிளிப் போட்டோம்.

நெபுலைசர் 120 வாட்ஸ். பத்தால் வகுத்தால் 12 ஆம்பியர். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், அதாவது 2 ஏ.எச். நாளுக்கு நான்கு தடவை என்றால் 8. பாதிக் கையிருப்பு 17. என்ஜினைப் போடாமலே இரண்டு நாள் வரும். கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டேன். பக்கத்து வீடுகளிலிருந்து செல்போன்களோடு வந்தார்கள். ஒரு போனுக்கு 1.5 ஏ.எச். வரை போகும். வெளியூரில் பிள்ளைகள் தவித்துக்கொண்டிருப்பார்கள், இல்லை என்று சொல்ல மனசு வருமா? மழை விட்ட நேரத்தில் காரைத் தெருவுக்கு எடுத்து, அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் என்று சார்ஜ் போட்டோம். மருந்து முதலில், போன் அடுத்து, வெளிச்சம் அதற்கும் அடுத்து. டி.வி. கிடையாது. ஒரு அக்கா சட்னி அரைக்க மிக்ஸி போடலாமா என்றார். 750 வாட்ஸ், 75 ஆம்பியர் அக்கா, அம்மியைக் கழுவுங்கள் என்றேன். அந்த இரண்டு நாளும் எங்கள் அத்தைக்கு ஒரு வேளைகூட நெபுலைசர் தவறவில்லை.

இந்தக் கதையை நான் எங்கேயோ சொல்லக் கேட்டுத்தான் அந்த மூன்றாவது ஆள், என் மலை மாணவன், எனக்குப் போன் செய்தான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் அம்மாவுக்கு நுரையீரல் நோய். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பொங்கலுக்குத் தன் ஊருக்குப் போக வேண்டும் என்று அந்த அம்மா ஒரே பிடிவாதம்.

“டீச்சர், 500 வாட்ஸ் இன்வெர்ட்டர் வாங்கிட்டேன். அம்மா மிஷின் 350 வாட்ஸ்தான். கரண்ட் போனாலும் கார் இருக்கு. நாலு நாள் சமாளிச்சுடலாம் இல்ல?”

“பத்தால வகுடா” என்றேன்.

“முப்பத்தஞ்சு.”

“உன் கார் பேட்டரி?”

“அதுவும் முப்பத்தஞ்சு டீச்சர்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பாதின்னா, அரை மணி நேரமா?”

அரை மணி நேரம்தான். நெபுலைசர் பத்து நிமிஷம் ஓடி நிற்கும். ஆக்சிஜன் மிஷின் ராத்திரி பகலாக ஓட வேண்டியது. வீட்டில் இருக்கும் 150 ஏ.எச். பேட்டரி முழுசாக இருந்தாலும் இரண்டு மணி நேரம்தான். என்ஜினை ஓடவிட்டபடியே நாலு நாள் இருக்க முடியாது. மலையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் எப்போது சரியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018-ல் கஜா புயலின்போது டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, சில ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. அதுவும் சமவெளியில்.

இந்த இடத்தில் இன்வெர்ட்டரை நம்பக் கூடாது, சிலிண்டரைத்தான் நம்ப வேண்டும் என்றேன். அதற்கும் கணக்கு உண்டு. பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன். அவன் அம்மாவுக்கு நிமிஷத்துக்கு 2 லிட்டர். 750 நிமிஷம், ஏறத்தாழ 12 மணி நேரம். டாக்டரிடம் கேட்காமல் மலை ஏற்றாதே, உயரத்தில் காற்றே மெலிசு என்றும் சொன்னேன்.

டாக்டர் பகல் பயணத்துக்கு மட்டும் சம்மதித்தார். கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டில், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தூரத்தில் தங்க வைத்தான். மாட்டுப் பொங்கலன்று காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினார்கள். இரண்டு சிலிண்டர், உருளாமல் கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டிக்குள் யாரும் பீடி பற்ற வைக்காமல். அந்த அம்மா தன் வீட்டுத் திண்ணையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க வந்து பார்த்தது. பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டார்கள். ராத்திரி தங்க முடியவில்லையே என்று அவருக்குக் குறைதான். “அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன் டீச்சர்” என்றான். இரண்டாவது சிலிண்டர் திறக்காமலே திரும்பி வந்ததாம்.

கடைசியாக, உயிர் போகிற விஷயங்கள். சத்தம் போட்டே சொல்கிறேன்.

மூடிய போர்ட்டிகோவிலோ ஷெட்டிலோ என்ஜினை ஓடவிட்டு இன்வெர்ட்டர் போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் இன்வெர்ட்டரை வீட்டு சுவர் சாக்கெட்டில் சொருகவே சொருகாதீர்கள். அந்த கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகலாம். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. என் மாணவர்களிலேயே லைன்மேன்கள் இருக்கிறார்கள்.

வெள்ளத் தண்ணீர் நிற்கும் இடத்தில் இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள். 12 வோல்ட் உள்ளே போனாலும் வெளியே வருவது 230.

வீட்டுப்பாடம் இல்லாமல் டீச்சர் வகுப்பை முடிப்பாளா? இன்றைக்கே வீட்டில் இருக்கும் மருத்துவக் கருவியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் வாட்ஸைப் படியுங்கள். பேட்டரியின் ஏ.எச். பாருங்கள். பத்தால் வகுத்து, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். விடை கமெண்டில் வரட்டும். கணக்கு தப்பாக இருந்தால் திருத்தித் தருகிறேன், சிவப்பு மை இன்னும் கையில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்