தோல்வியைத் தாங்கும் துணிவு

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. உள்ளத்துக்குப் பண்பைத் தருவது. திடலில் காற்பந்து ஆடிய நம் பிள்ளைகள் இன்று கைப்பேசியிலும் ஆடுகின்றனர். அவற்றுள் ஒன்று, 2016இல் வெளிவந்த 'மொபைல் லெஜண்ட்ஸ்'. அணிக்கு ஐவராக மோதி, எதிரணியின் தளத்தைத் தகர்ப்பவரே வெற்றி பெறுவர்.

என் தம்பியும் தோழர்களும் ஆடுவதைப் பலமுறை அருகிருந்து கண்டுள்ளேன். தோல்வி நெருங்கியதும் ஒருவன் தோழனை ஏசுவான். இன்னொருவன் ஆட்டத்தை விட்டே விலகுவான். எஞ்சிய நால்வரும் ஐவரை எதிர்த்துத் திணறுவர். நிரையைப் பாதியில் விட்டுச் சென்றால் அச்சுமை அடுத்தவர் தோளில் விழும் என்பதைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். விலகுபவனின் நன்மதிப்புப் புள்ளிகளை ஆட்டமே குறைத்துவிடும். தோழர் உள்ளத்தில் இழந்த மதிப்பை எங்ஙனம் மீட்பது?

ஒருநாள் தம்பி, "அக்கா, நான் பழகிய வீரனையே எதிரணி தடை செய்துவிடுகிறது, இது நியாயமா?" என வருந்தினான்.

"தம்பி, அவ்வாறு தடை செய்வது ஆட்டத்தின் விதி. நீ வேறொரு வீரனையும் பழகிக்கொள்" என்றேன்.

அவன் பழகினான். முதலில் தொடர்ந்து தோற்றான். ஆயினும் இடையில் எழவில்லை. இப்போது தோழர்கள் அவனையே முதலில் அழைக்கின்றனர்.

2024இல் ரியாத்தில் நடைபெற்ற அனைத்துலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி 4–3 என வாகை சூடியது. மூன்று சுற்றுகளில் தோற்ற அணிக்கே கோப்பை கிட்டியது!

மாணவ நண்பர்களே! பாடங்களை முடித்து, அளவோடு ஆடுங்கள். தோற்றால் வென்றவரை வாழ்த்துங்கள். தோற்ற காரணத்தை ஆராயுங்கள். இறுதிவரை உடன் நிற்பவனே உண்மை வீரன்.